பிறை பார்த்து வரும் பெருநாள்



2004, 2005, 2006 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மலேசியாவில் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் வந்தன. மக்கள் ‘தீபராயா’ என்று சேர்த்தே வாழ்த்திக்கொண்டார்கள். 2007இலோ பெருநாள் அக்டோபர் நடுவில் வந்தது. தீபாவளி நவம்பருக்குப் போயிற்று. சேர்ந்து வந்த இரண்டும் ஏன் பிரிந்தன? நம் பிள்ளைகள் கேட்கக்கூடிய இந்தக் கேள்விக்கு விடை வானத்தில் இருக்கிறது.

இஸ்லாமிய ஆண்டு முழுக்க முழுக்க நிலவைக் கொண்டு கணக்கிடப்படுவது. அதற்குப் பன்னிரண்டு மாதம்; ஏறத்தாழ 354 நாள். நம் சுவர் நாட்காட்டிக்கோ 365 நாள். ஆகவே பெருநாள் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னதாக வந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. தீபாவளிக்கும் நிலவுக் கணக்கு உண்டு. ஆனால் பஞ்சாங்கக்காரர்கள் ஏறக்குறைய மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூட்டிச் சரிசெய்வதால், அது ஐப்பசியை ஒட்டியே நிற்கிறது. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது. பெருநாளோ அமாவாசை கழிந்து தோன்றும் தலைப்பிறையைக் கண்டு பிறப்பது. இரண்டும் ஒரே அமாவாசையின் இருபுறமும் அமையும்போது அடுத்தடுத்து வருகின்றன. 1973இலும் இப்படித்தான் அக்டோபர் கடைசியில் வந்தன. 2006உடன் 33ஐக் கூட்டிப் பாருங்கள். 2039ஐ ஒட்டி மீண்டும் சந்திக்கும்.

பெயரிலும் ஒரு நெருக்கம் உண்டு. மலாயில் ‘ஹரி’ என்றால் நாள். ‘ராயா’ என்றால் பெரிய. ஹரி ராயா என்பது நம் தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் ‘பெருநாள்’ என்ற அதே சொல்தான். நோன்பைக் குறிக்கும் ‘புவாசா’ என்ற மலாய்ச் சொல்லும், நம் பாட்டிமார் சொல்லும் ‘உபவாசம்’ என்ற சொல்லும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை.

இனி வரலாற்றுக்கு வருவோம். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய தமிழ் முஸ்லிம் வணிகர்களும் மாலுமிகளும் பினாங்கில் குடியேறினர். அவர்களின் தலைவர் காதர் முகைதீன் 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நிறுவினார். கடலோடிகள் போற்றும் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாகப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தர்காக்கள் எழுந்தன. சிங்கப்பூர்த் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்டது. தமிழ்நாட்டு நாகூரில் நடக்கும் கந்தூரி விழாவுக்கு இந்துக்களும் நேர்த்திக்கடனோடு செல்வது பழைய வழக்கம்.

அவர்கள் கொண்டுவந்த இன்னொரு செல்வம் நோன்புக் கஞ்சி. அரிசியும் வெந்தயமும் இஞ்சியும் பூண்டும் சேர்த்து, பெரிய அண்டாக்களில் காய்ச்சி, மாலையில் பள்ளிவாசலில் வழங்குவார்கள். பாத்திரத்தோடு வருபவர் என்ன மதம் என்று கேட்பதில்லை.

இதற்குப் பின்னால் ஒரு கருத்து உண்டு. நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்பே, இருப்பவர் இல்லாதவருக்கு ‘ஃபித்ரா’ எனும் தானத்தைக் கொடுத்துவிட வேண்டும். பெருநாளன்று ஓர் அடுப்பும் எரியாமல் இருக்கக்கூடாது என்பதே நோக்கம். ஹஜ்ஜுப் பெருநாளிலும் குர்பானி இறைச்சியில் உறவினருக்கும் ஏழைக்கும் பங்குண்டு. தன் வீடு மட்டும் உண்டால் பெருநாள் நிறைவதில்லை.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிய பாடமல்ல. அங்கே ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். பெருநாள் பலகாரம் இந்தப் பக்கம் வரும். தீபாவளி முறுக்கும் அதிரசமும் அந்தப் பக்கம் போகும். அண்டை வீட்டார் எதை உண்பார், எதை உண்ணார் என்று அறிந்து கொடுப்பதும் அந்த மரியாதையில் அடங்கியிருந்தது.

இன்று பலர் தோட்டங்களை விட்டுத் தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் வாழ்கிறோம். கூரையும் வேறு, கதவும் வேறு. பக்கத்து வீட்டார் பெயரைக்கூட அறியாத நிலை வந்திருக்கிறது. 2039இல் அந்த இரு திருநாட்களும் தாமாகவே அருகருகே வந்துவிடும். அதை வானம் பார்த்துக்கொள்ளும். மனிதர்கள் அருகருகே வருவதற்கு நாம்தான் எழுந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும். அடுத்த பெருநாளன்று, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய் வாழ்த்துச் சொல்லி வருவோமே!