தனியாகப் பறந்த மாணவியும் ஒரு கைத்தடியும்

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்பவரின் பக்கத்தில் முதலில் ஆசிரியரும் உட்கார்ந்திருப்பார். பல மணி நேரம் சேர்ந்து பறந்த பிறகே மாணவரைத் தனியாக விடுவார்கள். ஆனால் 1930-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கிளைடர் கற்ற மாணவர்களுக்கு முதல் நாளிலிருந்தே தனி ஆட்டம்தான்! காரணம், பயிற்சிக் கிளைடரில் இருந்தது ஒரே ஒரு இருக்கை.

கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி விமானப்படை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1919-ல் வெர்சாய் உடன்படிக்கை தடை விதித்தது. எஞ்சின் விமானங்கள் தயாரிக்கவும் கட்டுப்பாடுகள் வந்தன. கிளைடருக்குத் தடை இல்லை. பறக்கும் ஆசை கொண்ட இளைஞர்கள் மலைச்சரிவுகளைத் தேடிப் போனார்கள்.

பயிற்சி இப்படித்தான் நடக்கும். ஒரு மரச்சட்டம், மேலே இறக்கை, முன்னால் திறந்தவெளியில் இருக்கை. சக மாணவர்கள் ரப்பர் கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் ஓடுவார்கள். சிலர் வாலைப் பிடித்திருப்பார்கள். கயிறு நன்றாக இழுபட்டதும் வாலை விட்டுவிட, கவணிலிருந்து கிளம்பிய கல் போலக் கிளைடர் பாயும். முதலில் தரையோடு சறுக்க வேண்டும். அடுத்து சிறு தாவல். பிறகு 30 விநாடி பறந்தால் 'ஏ' சான்றிதழ். ஆசிரியரால் கீழே நின்று கத்த மட்டுமே முடியும். சொன்ன பேச்சைக் கேட்பதுதான் மாணவரின் உயிருக்குக் காப்பு.

1932-ல் குரூனாவ் என்ற ஊரின் கிளைடர் பள்ளியில் (இன்று போலந்தில் உள்ளது) சேர்ந்தார் 20 வயது ஹன்னா ரைட்ச். பள்ளியின் தலைவர், புகழ்பெற்ற கிளைடர் வீரர் வோல்ஃப் ஹிர்த். ஹன்னாவுக்குக் கிடைத்த உத்தரவு, தரையில் சறுக்கு, மேலே எழும்பாதே என்பதுதான். ஆசை விடவில்லை. கட்டுப்பாட்டுக் கம்பைப் பின்னால் இழுத்தார். மூக்கு நிமிர்ந்து கிளைடர் எழும்பியது. ஆனால் எஞ்சின் இல்லாத ஊர்தியில் மூக்கை உயர்த்தினால் வேகம் குறையும். வேகம் போனால் இறக்கை தாங்காது. கிளைடர் தரையில் மோத, அவர் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டார். நல்லவேளையாகப் பெரிய காயம் இல்லை.

கீழ்ப்படியாததற்குத் தண்டனை, மூன்று நாள் பறக்கத் தடை. அன்று இரவு படுக்கையில் ஒரு கைத்தடியைக் கட்டுப்பாட்டுக் கம்பாகப் பாவித்து, சரியாகப் பறப்பதைத் திரும்பத் திரும்பப் பழகியதாக அவரே எழுதியிருக்கிறார்.

அந்த மாணவி பின்னாளில் ஜெர்மனியின் புகழ்பெற்ற சோதனை விமானி ஆனார். 1938-ல் பெர்லினில் ஓர் அரங்கத்துக்குள்ளேயே ஹெலிகாப்டர் ஓட்டிக் காட்டினார். 1942-ல் மெஸ்ஸர்ஷ்மிட் 163 விமானத்தை இறக்கும்போது விபத்தில் சிக்கி, ஐந்து மாதம் மருத்துவமனையில் கிடந்தார். 1959-ல் இந்தியா வந்து நேருவைக் கிளைடரில் ஏற்றி டெல்லி வானில் பறந்ததும் இவர்தான்!

ஆனால் வரலாறு இன்னொன்றையும் குறித்து வைத்திருக்கிறது. நாஜி ஆட்சிக்காக அவர் முழு மனதோடு பறந்தார். 1945 ஏப்ரலில், முற்றுகையிடப்பட்ட பெர்லினுக்குள் பறந்து போய் ஹிட்லரின் பதுங்கு அறை வரை சென்றார்.

20 வயதில் ஆசிரியரின் சொல்லை மீறியதற்குத் தண்டனை மூன்று நாள். மீற வேண்டிய இடத்தில் அவர் மீறவே இல்லை. அந்தத் தவறைக் கைத்தடியால் பழகித் திருத்திக்கொள்ள முடியாது.