மூன்றாம் கியரும் அமரவிளை செக்போஸ்ட்டும்

போன சனிக்கிழமை ஒரு பஞ்சாபி நண்பர் போன் பண்ணினார். இங்கே பிராம்ப்டனில் பதினெட்டு சக்கர லாரி ஓட்டுகிறவர். "இறக்கத்துல கியர் தானா நியூட்ரலுக்கு வந்துடுது. பட்டறையில கியர் பாக்ஸையே மாத்தணும்னு சொல்றாங்க. நீ மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆச்சே?" என்றார். மெக்கானிக்கல்தான். ஆனால் நான் பார்ப்பதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் கோடுகள். கிரீஸ் தொட்டுப் பல வருஷம் ஆச்சு. இருந்தாலும் வாயில் தானாக வந்த கேள்வி: "காலை எடுக்கும்போது நழுவுதா, மிதிக்கும்போது நழுவுதா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. அது என் கேள்வி இல்லை. மாமாவின் கேள்வி.

அம்மாவின் அண்ணன். பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவே, உதியன்குளங்கரை தாண்டி ரோட்டோரம் ஓலைக் கூரை போட்ட பட்டறை. ஸ்கூல் லீவு முழுக்க நான் அங்கேதான் கிடப்பேன். அந்தப் பட்டறை ஏன் அந்த இடத்தில் இருந்தது என்பதைச் சொல்ல ஆரம்பித்தால், கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1956-க்கு முன்னால் அங்கே எல்லையே கிடையாது. திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் எல்லாம் ஒரே திருவிதாங்கூர். சமஸ்தானத்தின் சுங்கச் சாவடி இருந்தது சுமார் 50 கிலோமீட்டர் கிழக்கே, ஆரல்வாய்மொழியில். 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி மகாராஜா சித்திரைத் திருநாள் அரசு பஸ் சர்வீசைத் தொடங்கி வைத்தார். அதை நடத்த லண்டன் போக்குவரத்திலிருந்து சால்ட்டர் என்ற வெள்ளைக்காரரை வரவழைத்தார்கள். பெர்கின்ஸ் டீசல் இன்ஜின் வைத்த காமர் சேசிஸ் இறக்குமதி செய்து, பாடியை இங்கேயே கட்டினார்கள். திருவனந்தபுரம் நாகர்கோவில் ரோட்டில் அந்த பஸ்கள் ஓடின. மாமாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆசான் அந்த டிரான்ஸ்போர்ட் வொர்க்‌ஷாப்பில் கைபழகியவர். அதனால் எங்கள் ஊர்க் கியர் பாக்ஸ் ஞானத்துக்கு ஒரு ராஜ பரம்பரை உண்டு என்று மாமா பெருமை அடிப்பார் :-)

அப்புறம் எல்லை வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை இவற்றோடு நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களையும் சேர்த்துத் தமிழ்நாட்டோடு இணைக்க வேண்டும் என்று நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. பட்டம் தாணுப்பிள்ளை முதல்வராக இருந்த காலம். மாநிலச் சீரமைப்புக்குப் பின் 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு இந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம். களியக்காவிளை தமிழ்நாடு, நாலு எட்டு நடந்தால் இஞ்சிவிளை, கேரளம். எங்கள் குடும்பமும் அப்படித்தான் பிரிந்தது. பாட்டி வீடு ஒரு மாநிலம், அம்மா வாழ்க்கைப்பட்ட வீடு இன்னொரு மாநிலம். மாமா மலையாளத்தில் பணம் வாங்கித் தமிழில் சில்லறை திருப்பிக் கொடுப்பார்.

எல்லை வந்தால் செக்போஸ்ட் வரும். அமரவிளையில் வந்தது. திருவனந்தபுரம் நாகர்கோவில் ரயில் பாதை 1979-இல்தான் ஓட ஆரம்பித்தது. அதுவரை அரிசி, காய்கறி, தோவாளைப் பூ எல்லாமே ரோடுதான். ரயில் வந்த பிறகும் லாரி குறைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. பில், பெர்மிட், முத்திரை என்று மணிக்கணக்கில், சில நாள் ராத்திரி முழுக்க லாரிகள் வரிசையில் நிற்கும். அந்தக் காத்திருப்புதான் மாமாவுக்குப் பிழைப்பு. ஓடிக்கொண்டிருக்கும் லாரி, நழுவும் கியரைச் சகித்துக்கொண்டு ஓடிவிடும். நிற்கிற லாரி டிரைவருக்குத்தான் "ஒரு தடவை காட்டிடலாமே" என்று தோன்றும்.

வந்தவற்றில் பாதிக்கு மேல் டாடா. ஜாம்ஷெட்பூரில் 1954-இல் டைம்லர் பென்ஸ் கூட்டோடு ஆரம்பித்த வண்டி. 1969-இல் கூட்டு முடிந்து நட்சத்திரம் போய் டாடா முத்திரை வந்தது. மிச்சம் எண்ணூரில் செய்த அசோக் லேலண்ட். அந்தக் கால டாடா 1210-இல் சின்க்ரோமெஷ் கிடையாது. (காடிலாக் கார்களுக்கு 1928-லேயே வந்துவிட்ட சமாச்சாரம். நம்ம ஊர் லாரிக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.) உள்ளே பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடு ஒன்று கோர்த்தபடியே சுற்றும். டிரைவர் லீவரைத் தள்ளும்போது நகர்வது சக்கரம் இல்லை, நடுவில் இருக்கும் ஒரு வளையம். அதைப் பிடித்து நகர்த்துவது ஃபோர்க், அதாவது கவட்டை மாதிரி ஒரு இரும்பு. கவட்டை ஒரு ராடில் மாட்டியிருக்கும். ராடில் பள்ளம், பள்ளத்தில் ஒரு குண்டு, குண்டுக்கு மேலே ஒரு ஸ்பிரிங். கியர் விழுந்ததும் குண்டு பள்ளத்தில் உட்கார்ந்து ராடை அசையாமல் பிடித்துக்கொள்ளும். வேகத்தைச் சமன் செய்வது டிரைவரின் காது. கிளட்சை மிதித்து நியூட்ரல், விட்டு ஆக்சிலேட்டரில் ஒரு உதை, மறுபடி கிளட்ச், கீழ்க் கியர். இதுதான் டபுள் கிளட்ச். தப்பினால் "கர்ர்ர்"!

இப்போது 1987 கோடைக்கு வருகிறேன். சங்ககிரிப் பக்கத்து லாரி ஒன்று, அரிசி லோடு. டிரைவருக்கு ஐம்பது வயசு இருக்கும். லீவரைச் சுற்றிப் பழைய சைக்கிள் ட்யூப் கட்டித் தொங்கியது.

"எப்பம் நழுவுது அண்ணாச்சி? கால் எடுக்கும்பமா, மிதிக்கும்பமா?"

"எடுக்கறப்பதானுங்க மேஸ்திரி. குழித்துறைப் பாலத்துக்கு எறங்கறேன், மூணாம் கியரு பட்டுனு வெளிய வந்துருச்சுங்க. பிரேக்குலயே புடிச்சு நிறுத்துனேன். கிளீனர் பையன் குதிக்கவே போயிட்டான்."

லோடு வண்டி இறக்கத்தில் நியூட்ரலுக்கு வருவது என்றால் என்னவென்று ஓட்டினவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர் பயந்தது அதற்கு இல்லை. முதலாளியிடம் எஸ்.டி.டி. போட்டுப் பேசிவிட்டு வந்திருந்தார். "கியரைக் கரடுமுரடாப் போட்டு நீதான் கெடுத்தே, செலவு உன் சம்பளத்துல"ன்னு தீர்ப்பு ஆகிவிட்டது. புது கியர் பாக்ஸ் விலை அவருக்குப் பல மாசச் சம்பளம்.

மாமா உடனே ஸ்பானரை எடுக்கவில்லை. மூன்றில் மட்டுமா, இரண்டிலுமா என்று கேட்டார். ஒன்றும் ரிவர்சும் ஒரு ராடு, இரண்டும் மூன்றும் ஒரு ராடு, நாலும் ஐந்தும் ஒரு ராடு. எல்லா கியரும் தகராறு செய்தால் வியாதி வெளியே: லீவர் அடிக் குண்டு, புஷ், இணைப்பு. ஒரு ஜோடி மட்டும் என்றால் உள்ளே அந்த ராடு. "மூணு மட்டுந்தானுங்க, ரெண்டு எப்பவாச்சும்" என்றார். இன்ஜினை ஓடவிட்டு கிளட்சை மிதித்து ரிவர்ஸ் போடச் சொன்னார். சத்தமில்லாமல் விழுந்தது. அப்போ கிளட்ச் சரியாக விடுகிறது, அதன்மேல் பழி இல்லை. பிறகு பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, மூன்றாம் கியரில் கிளட்சை லேசாக விட்டுப் பிடிக்கச் சொல்லி, பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மவுண்டிங் ரப்பர் தொய்ந்திருந்தால் இன்ஜின் தூக்கிப் போடும்போது லீவர் தளத்தில் இடித்தே கியர் வெளியே வந்துவிடும். அதுவும் இல்லை.

அப்புறம் களியக்காவிளை வரை ஒரு ஓட்டம். நானும் ஏறிக்கொண்டேன். மாமா இரண்டு விரலை மட்டும் லீவர் முனையில் வைத்திருந்தார். இறக்கத்தில் காலை எடுத்ததும் லீவர் விரலில் துடிக்க ஆரம்பித்தது, அப்புறம் பட்டென்று நியூட்ரல். "கண்டியாடே மக்ளே? லீவரும் கூட வருது. உள்ள இருந்து தள்ளுது." லீவர் அசையாமல் இருந்து இழுவை மட்டும் போயிருந்தால், கவட்டை ராடில் கழன்று போச்சு என்று அர்த்தம். இது வேறு.

அந்த வண்டியில் ஒரு வசதி. லீவர் கியர் பாக்ஸ் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். பாக்ஸை இறக்காமல் மேல் மூடியை மட்டும் தூக்கலாம். ராடுகளும் கவட்டைகளும் மூடியோடு வந்துவிடும். தூக்கினார்கள். முதலில் வளையத்தின் பல்லைப் பார்த்தார். டபுள் கிளட்ச் தெரியாமல் அடித்து அடித்துப் போட்டால் பல்லின் முனை மழுங்கி உருண்டிருக்கும். இதில் முனை கூர்மையாகவே இருந்தது. "அண்ணாச்சிக்க கை சுத்தம்" என்றார் மாமா. அந்த மனிதர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து கவட்டை. வளையத்தின் காடியில் வைத்து, உடைந்த ஹாக்சா பிளேடு துண்டை இடைவெளியில் நுழைத்தார். தாராளமாகப் போனது. மூன்றாம் கியர் பக்க முனை மட்டும் கண்ணாடி மாதிரி தேய்ந்து, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. இங்கேதான் சிக்கல். கவட்டை ஒரு பக்கம் தேய்வதற்கு ஊரறிந்த காரணம், டிரைவர் லீவர் மேலே கையை ஊன்றிக்கொண்டே ஓட்டுவது. வளையம் சுற்றும், கவட்டை சுற்றாது, அழுத்தினால் உரசும். முதலாளி சொன்னது பாதி சரியாகிவிடும் போலிருந்தது. "கையை வச்சுக்கிட்டே ஓட்டுனீங்களா?" "வச்சேனுங்க. வைக்கலைன்னா நிக்கலைங்களே. அப்பறந்தான் ட்யூப் கட்டுனேன்."

நிற்கவில்லை என்பதால் கை வைத்தாரா, கை வைத்ததால் நிற்கவில்லையா? இதில்தான் அவருடைய சம்பளம் தொங்கியது. நானாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன், கவட்டை தேய்ந்தது, மாற்று, முடிந்தது என்று. மாமா ராடின் பள்ளத்து ஸ்பிரிங்குகள் மூன்றையும் கழற்றிச் சிமெண்ட் திண்ணையில் வரிசையாக நிறுத்தினார். இரண்டு ஒரே உயரம். நடுவில் இருந்தது குட்டை, கம்பியும் மெல்லிசு, ஒரு முனை கட்டிங் பிளையரால் நறுக்கியது. முன்னால் ரிப்பேர் பார்த்த யாரோ உடைந்த ஸ்பிரிங்குக்குப் பதில் கைக்குக் கிடைத்ததை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். ஸ்பிரிங் பிடிக்காததால் வளையம் முழுசாக உட்காரவில்லை, அது வெளியே தள்ள, கை தடுக்க, நடுவில் மாட்டிய கவட்டை தேய்ந்துவிட்டது.

அன்றைக்கே நாகர்கோவில் ஆள் போய்க் கவட்டையும் ஸ்பிரிங்கும் வாங்கி வந்தான். கியர் ஆயிலை வடித்து, காந்தத்தால் துழாவிப் பார்த்து, புது ஆயில். பாக்ஸ் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. நறுக்கிய ஸ்பிரிங்கையும் பழைய கவட்டையையும் ஒரு துணியில் முடிந்து, முதலாளிக்கு என்னை ஒரு கடுதாசி எழுதச் சொன்னார். மாமாவுக்குத் தமிழ் எழுத வராது. அந்தப் பக்கத்து ஸ்கூலில் படித்தது மலையாளம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "டிரைவர் பேரில் குற்றம் இல்லை" என்ற வரியை இரண்டு தடவை எழுதச் சொன்னார்.

நாலைந்து மாசம் கழித்து அதே டிரைவர் வேறு முதலாளியின் லாரியில் வந்தார். "கடுதாசியப் படிச்சுட்டு பாதிதானுங்க புடிச்சாரு" என்றார். மாமா ஒன்றும் சொல்லாமல், புது லாரியின் லீவரை நியூட்ரலில் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

எண்பதுகளில் அசோக் லேலண்ட் ஜெர்மனியின் இசட்எஃப் கூட்டோடு சின்க்ரோமெஷ் பாக்ஸ் போட ஆரம்பித்தது, மற்றவர்களும் வந்தார்கள். டபுள் கிளட்ச் மெல்ல மறந்து போனது. வேடிக்கை என்னவென்றால், இங்கே வட அமெரிக்காவில் பெரிய லாரிகளில் ஈட்டன் ஃபுல்லர் பாக்ஸ்கள் சின்க்ரோ இல்லாமலே தலைமுறை தலைமுறையாக ஓடுகின்றன. 1210 டிரைவரை இங்கே உட்கார வைத்தால் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அமரவிளையில் வணிகவரி செக்போஸ்ட் வரிசையும் கலைந்தது. மாமாவின் பட்டறை அதற்கு முன்னாலேயே மூடியாகிவிட்டது. அந்த இடத்தில் மருமகன் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். மாமா திண்ணையில் உட்கார்ந்து போகிற லாரிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

நேற்று அவருக்குப் போன் போட்டு, பஞ்சாபிக்காரர் வண்டி விவரம் சொன்னேன். காலை எடுக்கும்போதுதான் நழுவுகிறது, ஒரே ஒரு கியர் மட்டும், லீவரும் கூட வருகிறது.

"ஸ்பிரிங்க முதல்ல பாக்கச் சொல்லுடே," என்றார்.