181-இல் பூஜ்யம்

1991 ஆகஸ்டு 25. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் 21 வயது மாணவர் ஒருவர், 'மினிக்ஸ்' பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சேதி சொன்னார்: இலவசமாக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன், சும்மா பொழுதுபோக்குக்குத்தான், பெரிசா ஒண்ணும் வராது, அதில் என்னென்ன வேண்டும் என்று சொல்லுங்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற அந்த மாணவரின் தனி மேதைமையிலிருந்தே லினக்ஸ் பிறந்ததாக வரலாறு எழுதப்படுகிறது. வரலாற்றுக்கு எப்போதும் ஒரு நாயகன் வேண்டியிருக்கிறது.

நாயகனைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டுப் பார்ப்போம். மினிக்ஸ், ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் 1987-இல் பாடநூலுடன் வெளியிட்டது. மூலநிரலைப் படிக்கலாம், உரிமை பதிப்பகத்திடம். மாணவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அது சிறிதாக இருக்கவேண்டும் என்பதால், பிறர் எழுதி அனுப்பிய சேர்க்கைகள் பலவற்றை அவர் ஏற்கவில்லை. ஆசிரியர் என்கிற முறையில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனாலும் மாணவர் அங்கே வாசகர்தான், எழுத இடமில்லை. லினக்ஸ் 1992-இல் ஜிஎன்யு பொது உரிமத்தின்கீழ் வந்தது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அதே உரிமையோடு பரப்பலாம். வாசகர் எழுத்தாளராவதற்கு இருந்த சட்டத் தடை இப்படித்தான் நீங்கியது.

உரிமத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நேரத்தைப் பற்றி? கூலியில்லாமல் மாதக்கணக்கில் நிரல் எழுத ஒரு மாணவருக்கு நேரம் எங்கிருந்து வருகிறது? பின்லாந்தில் அன்று பல்கலைக்கழகப் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. 1991 ஜனவரியில் டோர்வால்ட்ஸ் தவணை முறையில் கம்ப்யூட்டர் வாங்க முடிந்தது. அவருடைய 'பொழுதுபோக்கு'க்குப் பின்னால் வரி கட்டிய ஒரு சமூகமே நிற்கிறது. ராத்திரி வேலைக்குப் போய்க் கட்டணம் கட்டுகிற மாணவரிடமும், வீட்டு வேலை முடித்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கிற மாணவியிடமும் அந்தப் பொழுது இல்லை.

2005-இல் கூகுள் நிறுவனம் அந்தப் பொழுதுக்கு ஒரு விலை வைத்தது. கோடை விடுமுறையில் கட்டற்ற மென்பொருளுக்கு நிரல் எழுதும் மாணவருக்கு 4500 டாலர். அடுத்த ஆண்டு இத்திட்டத்தின்கீழ் 'க்னோம்' குழுவுக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் பெண்கள் அனுப்பியவை: பூஜ்யம்.

'நாங்க ஆளைப் பார்க்கிறதில்லை, நிரலைத்தான் பார்க்கிறோம். பெண்களுக்கு ஆர்வமில்லைன்னா நாங்க என்ன செய்யறது?' இந்தப் பதில் எப்போதும் தயாராக இருப்பது. க்னோம் குழு அதில் ஒளிந்துகொள்ளவில்லை என்பதுதான் முக்கியம். அதே கோடையில் 9000 டாலர் ஒதுக்கி, கற்றுக்கொள்ளலாம், வழிகாட்டக் கூடவே ஆள் இருப்பார் என்று சொல்லிப் பெண்களைத் தனியே அழைத்தது. ஏறத்தாழ நூறு பெண்கள் விண்ணப்பித்தார்கள். 6 பேருக்கு இடம் கிடைத்தது. பின்னாளில் இம்முயற்சியே 'அவுட்ரீச்சி' என்ற பெயரில், ஒதுக்கப்பட்ட பிற பிரிவினருக்குமாக விரிந்தது.

அந்த நூறு பேரும் சில வாரங்களில் முளைத்துவிடவில்லை. பூஜ்யம் என்று எழுதப்பட்ட நாளிலும் அவர்கள் இருந்தார்கள். உரிமம் மாறவில்லை, நிரல் மாறவில்லை. அழைத்த விதம் மாறியது, அவ்வளவுதான். 'கதவு திறந்துதானே இருக்கு, யாரும் வரலையே' என்று எந்த இதழில், எந்த அமைப்பில் சொல்லக் கேட்டாலும் இந்தப் பூஜ்யத்தை நினைத்துக்கொள்வோம். வராதவர்களை எண்ணுவதற்கு முன், யாரை எப்படி அழைத்தோம் என்று கேட்டுப் பார்ப்போம்.