இரவுக் கொசுவும் பகற்கொசுவும்

சிரம்பானிலிருந்து கோலாப்பிலா செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் பாரோய். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெகிரி செம்பிலான் குன்றுகளில் காடழித்து இரப்பர் நட்டபோது, தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர்களின் பெரும் பகையாக நின்றது மலேரியாக் காய்ச்சல்.

அதனைப் பரப்புவது கொசுவே என்பதற்கான சான்றை 1897இல் செகந்திராபாத்தில் கண்டவர் ரொனால்டு ரோஸ். அவ்வுண்மையைத் துணைக்கொண்டு, மருத்துவர் மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானில் சதுப்பு நிலத்து நீரை வடித்து நோயைக் குறைத்தார். கரையோரத்துக் கொசு காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. காடு நீங்க, அதுவும் நீங்கியது. குன்றுப் பகுதியிலோ நிலைமை தலைகீழாயிற்று. மரங்கள் வீழ்ந்ததும் ஓடைகளில் வெயில் பட்டது. வெயில் பட்ட தெளிந்த நீரை நாடும் வேறோர் இனக் கொசு அங்கே பெருகிற்று. ஆகவே ஓடைகளில் எண்ணெய் தெளித்தனர். ஊற்றுநீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தினர். ஓரிடத்துக் காப்பு மற்றோர் இடத்திற்குக் காப்பாகாது என்பதே அக்காலம் புகட்டிய பாடம்.

டிங்கிக் காய்ச்சலின் வரலாறும் இப்பாடத்தையே வலியுறுத்துகின்றது. நச்சுயிரியால் உண்டாகும் இந்நோய் 1902இல் பினாங்கில் பதிவாயிற்று. இரத்தக் கசிவுடன் கூடிய கடுமையான வகை 1962இல் அங்கேயே கண்டறியப்பட்டது. 1973இல் நாட்டில் பெருமளவில் பரவியது. 1975இல் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஓடையைத் தேடுவதில்லை. நீர்த்தொட்டி, பூச்சாடி, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் நீரே அதற்குப் போதும். கடிப்பதும் பகலில், காலையிலும் அந்தி சாய்வதற்கு முன்னும் மிகுதி. லயத்து வாழ்வில் பழகிய இரவுக் கொசுவலை மட்டும் இதனைத் தடுக்காது.

ஆதலின் இத்தகைய ஊர்களுக்குப் பயணம் செய்வோர் கைகால்களை மறைக்கும் ஆடை அணிதலும், கொசுவிரட்டி மருந்தைப் பகலிலேயே பூசுதலும், பகலில் துயிலும் குழந்தைக்கு வலை கட்டுதலும் வேண்டும். புறப்படுமுன் வீட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுதல் அண்டை வீட்டாருக்கும் நன்மை தரும்.

ஊர் திரும்பிய 14 நாள்களுக்குள் காய்ச்சல் கண்டால், சென்றுவந்த இடத்தை மருத்துவரிடம் தவறாது கூற வேண்டும். ஆஸ்பிரின் இரத்தக் கசிவை மிகுவிக்கும். அதனைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சல் தணிந்தவுடன் நோய் தீர்ந்ததென எண்ணுதல் பெரும் பிழை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் ஆகியன தோன்றும் ஆபத்தான காலம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகின்றது. இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நோயுற்றவரைக் கடித்த உள்ளூர்க் கொசு அந்நோயைப் பிறருக்கும் கொண்டு செல்லும். ஆதலின் காய்ச்சல் கண்டவர் மேலும் கொசுக்கடி படாமல் இருத்தல் தம்மைக் காப்பதற்கு மட்டுமன்று. தம் ஊரைக் காப்பதற்குமாகும்.