அடைக்கலம்: ஓர் ஊரும் ஒரு சொல்லும்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே, திருமானூரை அடுத்து ஏலாக்குறிச்சி இருக்கிறது. குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊருக்கு உரிய பெயர். இங்கோ மலையே கிடையாது. 1711இல் தமிழகம் வந்து, பிறகு இவ்வூரில் பணியாற்றிய கிறிஸ்தவத் துறவி வீரமாமுனிவர் இதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். திருக்காவலூர்க் கலம்பகமும் பாடினார். இன்று கலம்பகம் படித்தவர்களையும் இங்குள்ள மாதா கோவிலைச் சேர்ந்தவர்களையும் விட்டால் அந்தப் பெயரைச் சொல்வார் அரிது. பேருந்துக்காரருக்கு அது ஏலாக்குறிச்சிதான்.

ஆனால் திருக்காவலூர் என்ற பெயர் வெறும் அலங்காரமில்லை. 1701இல் தஞ்சை மராட்டியர் ஆட்சியில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள். ஆற்றைக் கடந்தால் அரியலூர் மழவராயர் பாளையம். தஞ்சையின் கை அங்கே எட்டாது. உயிருக்கு அஞ்சி வந்தவர்களுக்கு அந்தக் கரை காவலாயிற்று. பாளையக்காரர் காலத்தில் காவல் என்பது ஊரார் நன்கறிந்த சொல்: அது ஒரு பொறுப்பு, அதற்கென ஒரு வரியும் உண்டு. முனிவர் அந்தச் சொல்லையே எடுத்து, முன்னால் 'திரு' சேர்த்தார்.

ஊர்ப்பெயர் தேய்ந்தாலும் கோவிலில் குடிகொண்ட அன்னையின் பெயர் தேயவில்லை. முனிவர் இட்ட அந்தப் பெயர் அடைக்கல மாதா. அடைக்கலம் என்ற இந்தச் சொல்லின் பயணம்தான் என்னை வியக்க வைக்கிறது. 'அடை' என்னும் வினையிலிருந்து பிறந்த அடைக்கலத்துக்கு, ஒருவரை நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்ற அர்த்தம் பழையது. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு பகுதி உண்டு. அதில் சமணத் துறவி கவுந்தியடிகள் ஆய்ச்சி மாதரியிடம் கண்ணகியை ஒப்படைக்கிறார். அங்கே அடைக்கலம் என்பது கண்ணகி, புகலிடம் அன்று. மாணிக்கவாசகரின் அடைக்கலப் பத்தில் ஒப்படைப்பவரும் ஒப்படைக்கப்படுபவரும் ஒருவரே: உயிர் தானே போய் இறைவனிடம் தன்னைக் கொடுக்கிறது. ஏலாக்குறிச்சிக்கு வரும்போது சொல் இன்னும் ஓரடி நகர்ந்து, ஏற்றுக்கொள்ளும் தாயின் பெயராகிறது. முனிவர் சதுரகராதி என்னும் அகராதியைத் தொகுத்தவர் அல்லவா, சொல்லின் எடை அறியாமலா பெயரிட்டிருப்பார்!

வீட்டு இறவானத்தில் வைக்கோலைத் திணித்துக் கூடு கட்டும் சிட்டுக்குருவிக்கும் அடைக்கலாங்குருவி என்றே பெயர். அதன் கூட்டைக் கலைக்கக் கூடாது என்று பாட்டிமார் அதட்டுவார்கள். நம் வீட்டை நம்பி வந்தது. அதனால் அது நம் பொறுப்பு.

திருச்சி, அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் அடைக்கலம், அடைக்கலசாமி, அடைக்கலமேரி என்ற பெயர்கள் உண்டு. பெற்ற பிள்ளையை மாதாவிடம் விட்டுவிட்டோம் என்ற நினைவில் இட்ட பெயர்கள் அவை. மாதா புகலிடம், பிள்ளை ஒப்படைத்த பொருள். கவுந்தியடிகள் கண்ணகியைச் சொன்ன அதே பொருளில்தான் அந்திநேரத்தில் தெருவில் ஒரு தாய் கூப்பிடுகிறாள்: "அடைக்கலம், விளக்கு வச்சாச்சு, வீட்டுக்கு வாடா!"