நல்ரசனையும் கண்ணியமும்: ஒரு சட்டத்தொடரின் இடப்பெயர்ச்சி

இந்தியத் தொலைக்காட்சி உள்ளடக்க ஒழுங்குமுறையை ஆராய்வோர் பெரும்பாலும் 1990களின் செயற்கைக்கோள் அலைவரிசைகளிலிருந்தே தொடங்குகின்றனர். விதியின் சொற்களோ அதனினும் பழையவை. கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள், 1994இன் 6ஆம் விதி, நல்ரசனைக்கோ கண்ணியத்திற்கோ ஊறு செய்யும் நிகழ்ச்சியை முதல் இனமாக விலக்குகிறது. பிரிட்டனில் வணிகத் தொலைக்காட்சிக்கு வழிவகுத்த 1954ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலும் இதே தொடர் உள்ளது. ஆங்கில மூலங்களை அருகருகே வைத்து நோக்கின் இவ்வொற்றுமையைத் தற்செயல் எனக் கொள்வது கடினம்.

தொடர் வந்தது, அது இயங்கிய அமைப்பு உடன்வரவில்லை. பிரிட்டிஷ் சட்டம், ஊறு செய்யும் எதுவும் நிகழ்ச்சிகளில் இடம்பெறவில்லை என்பதை இயன்றவரை உறுதிசெய்துகொள்ளும் கடமையைச் சுயேச்சைத் தொலைக்காட்சி ஆணையத்தின்மீது சுமத்தியது. ஓவியர் ஆண்டி வார்ஹால் பற்றிய ஆவணப்படத்தை எதிர்த்து 1973இல் மக்வெர்ட்டர் வழக்குத் தொடுத்தபோது, மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தடை விதித்தது. வழிவந்த ஆணையத்தின் உறுப்பினர்கள் படத்தைத் தாமே பார்த்து ஒப்பிய பின்னர் அத்தடை நீங்கியது. ரசனையை அளப்பது முதன்மையாக ஆணையத்தின் பணி, நீதிபதியின் பணியன்று என்பதே அவ்வழக்கால் நிலைபெற்ற கருத்து.

இந்தியாவில் இப்பணிக்கெனச் சட்டத்தால் அமைந்த தன்னாட்சி ஆணையம் இல்லை. கேபிள் சட்டம், 1995இன் 5ஆம் பிரிவு விதித்தொகுப்புக்கு இணங்காத நிகழ்ச்சியை நேரடியாகத் தடுக்கிறது. 20ஆம் பிரிவு தடைவிதிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. 2007 ஜனவரியில் ஏஎக்ஸ்என் அலைவரிசைக்கு இரு மாதத் தடை விதித்தது தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே. பிரிட்டனில் ஆணையம் செய்த மதிப்பீட்டை இங்கு ஆட்சித்துறை செய்கிறது.

இதனினும் கூர்மையான சிக்கல் ஒன்றுண்டு. பேச்சுரிமைக்கு வரம்பிடும் அரசமைப்பின் 19(2) உறுப்பு 'கண்ணியம் அல்லது ஒழுக்கம்' என்கிறது. ரசனை அதில் இல்லை. திரைப்படச் சட்டம், 1952இன் 5பி பிரிவும் அவ்வுறுப்பின் சொற்களையே ஒட்டி நிற்கிறது. கேபிள் விதியிலோ ரசனையும் கண்ணியமும் 'அல்லது' என்னும் சொல்லால் பிரிக்கப்பட்டுள்ளன. கண்ணியம் கெடாத ஒரு நிகழ்ச்சியையும் ரசனைக் குறைவு என்ற ஒரே காரணத்தால் நிறுத்த அச்சொல் இடமளிக்கிறது. துணைவிதி ஒன்று அரசமைப்பு குறிப்பிடாத வரம்பை இவ்வாறு சேர்ப்பது, எம் கருத்தில், நிலைநிற்கத்தக்கதன்று.

பிரிட்டன் 2003ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தில் இத்தொடரைக் கைவிட்டு, தீங்கும் புண்படுத்தலும் விளைவிக்கும் உள்ளடக்கத்திலிருந்து பாதுகாக்கும் 'பொதுவாக ஏற்கப்பட்ட தரநிலைகள்' என்னும் அளவுகோலுக்கு மாறியது. இங்கோ, மும்மட்டக் குறைதீர் அமைப்பை உருவாக்கிய 2021ஆம் ஆண்டுத் திருத்தமும் அத்தொடரைத் தொடவில்லை.