மூல வைகை

வைகை ஆற்றின் தலைப்பகுதிக்கு மூல வைகை என்று பெயர். தேனி மாவட்டத்தின் தென்கோடியில், வருசநாட்டு மலைத்தொடரின் வெள்ளிமலைக் காட்டில் பிறந்து, வைகை அணைக்குச் சற்று மேலே முல்லையாற்றோடு கலக்கும்வரை இந்தப் பெயர் வழங்குகிறது. திருப்புவனத்திலும் மானாமதுரையிலும் வைகையை ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகப் பார்த்துப் பழகிய சிவகங்கைச் சீமைக்காரர்கள், அதே ஆறு வெள்ளிமலையில் யானை இறங்கித் தண்ணீர் குடிக்கும் காட்டாறாகத் தொடங்குவதை எளிதில் நம்பமாட்டார்கள்.

ஆற்றின் போக்கு விசித்திரமானது. கிழக்கே கடலுக்குப் போகவேண்டிய ஆறு முதலில் வடக்கு நோக்கி ஓடுகிறது. மேற்கே மேகமலை, கிழக்கே ஆண்டிபட்டி மலை. இரண்டுக்கும் நடுவில் உள்ள வருசநாட்டுப் பள்ளத்தாக்குதான் அதற்கு வழி. அரசரடி, வாலிப்பாறை, வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு எனக் கீழிறங்கி, மலை முடிந்த பிறகே கிழக்கிலும் தென்கிழக்கிலும் திரும்புகிறது. கோம்பைத்தொழு அருகே விழும் சின்னச்சுருளி அருவியின் நீரும் இதில்தான் சேருகிறது. வைகையின் மொத்த நீளம் 258 கி.மீ.

பள்ளத்தாக்கு மலையின் மழை மறைவில் கிடப்பதால் தென்மேற்குப் பருவக்காற்று இங்கே அவ்வளவாக இறங்குவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆற்றை நிரப்புகிறது. வெள்ளிமலையிலும் அரசரடியிலும் இரவு மழை கொட்டினால், ஒரு துளியும் விழாத வருசநாட்டில் காலையில் செந்நிற வெள்ளம் வந்து நிற்கும். கோடையில் பாறைக் குழிகளில் மட்டும் நீர் தங்கும். கரையோர ஊர்கள் அப்போது ஆற்று மணலில் இறக்கிய உறைகிணறுகளை நம்பியிருக்கின்றன.

அப்படிக் கொஞ்சமாவது நீர் தங்குவதற்குக் காரணம் மேலே உள்ள சோலைக்காடும் புல்வெளியும்தான். வேர்களும் மட்கிய இலைகளும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடுகின்றன. புலி, யானை, வரையாடு, சோலைமந்தி, இருவாச்சி, சாம்பல் மலையணில் ஆகியவை இம்மலைகளில் வாழ்கின்றன. ஆனால் மேகமலையின் பெயரை உயிரியல் நூல்களில் ஏற்றியது ஒரு வௌவால். 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்ட அதிகாரி இங்கே ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். சாதாரணக் குறுமூக்குப் பழந்தின்னி என்று கருதி அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லொங்யா அதை மறுபடி ஆராய்ந்தபோதுதான், அது வேறொரு பேரினம் என்பது தெரிந்தது. பறவையியலாளர் சலீம் அலியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கால் நூற்றாண்டு ஒரு பெட்டிக்குள் தவறான பெயரோடு கிடந்த உயிர்! ஹட்டன் சேகரித்த ஒரு குழிவிரியனை 1949இல் மால்கம் ஸ்மித் புதிய இனமாக விவரித்து அதற்கு ஹட்டன் பெயரையே வைத்தார்.

2021 பிப்ரவரியில் இக்காடுகள் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. பரப்பு 1,016 ச.கி.மீ.க்குச் சற்று மேல். தமிழ்நாட்டில் ஐந்தாவது காப்பகம், இந்தியாவில் 51ஆவது. தேனெடுத்தும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்த பளியர்கள் இந்த மலைகளின் பழங்குடிகள். பின்னால் வந்து குடியேறியவர்கள் இலவ மரம் வளர்த்தார்கள். வருசநாட்டு இலவம்பஞ்சு பெயர்பெற்றது. காட்டுக்குள் இருக்கும் குடியிருப்புகளை வெளியேற்றுவது பற்றிய சச்சரவு இன்னும் ஓயவில்லை.

மேகமலை மேல்தளத்து நீரின் பெரும்பகுதி மணலாறு, இரவங்கலாறு அணைகளில் மறிக்கப்பட்டு சுருளியாறு மின்நிலையத்துக்குப் போய்விடுகிறது. மூல வைகைக்குக் குறுக்கே பெரிய அணை எதுவும் இல்லை. அணை கட்டவேண்டும் என்று பள்ளத்தாக்கு விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கண்ணெதிரே ஓடும் வெள்ளம் 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் போய் நிற்கிறது. பயன் கீழேயுள்ள மாவட்டங்களுக்கு. அவர்கள் குறை நியாயமானதே, ஆனால் அணை வந்தால் ஓட்டம் தடைபடாத கடைசி மலைப்பகுதியும் போய்விடும்.

இன்றைய வைகை அணையின் நீரில் பெரும்பங்கு மூல வைகையுடையது அன்று. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து, மேற்கே ஓடிய ஆற்றைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிக் கொண்டுவந்த நீரே அதன் முதுகெலும்பு. வைகையின் பூர்வீகப் பாசனப் பகுதிகளுக்கான நீரை ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை மாவட்டங்களுக்கு 7:3:2 என்ற விகிதத்தில் பிரிக்கிறார்கள். விரகனூர் மதகணைக்கும் பார்த்திபனூர் மதகணைக்கும் இடைப்பட்டது சிவகங்கையின் பங்கு. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் செட்டிநாட்டுக்கு இதில் பங்கில்லை. அங்கே மணிமுத்தாறு, பாம்பாறு, தேனாறு போன்ற மழையாறுகளும் கண்மாய்களும் ஊருணிகளும்தான்.